வெட்டியது போக மிஞ்சிய பலகை

8 அடிக்கு 4 அடி. பிளைவுட் ஷீட் ஒன்றின் அளவு இது. கணக்குப் பார்த்தால் 32 சதுர அடி. ஒரு வீட்டுக்கு அலமாரியும் அடுப்படியும் செய்து முடிக்கும்போது, எத்தனை யோசித்து வெட்டினாலும் கடைசியில் சில துண்டுகள் மிஞ்சத்தான் செய்யும். முழ நீளத்தில் ஒன்று, சாண் அகலத்தில் இரண்டு, சின்னக் கதவுக்குக் காணும் அளவில் ஒன்று. அந்தத் துண்டுகள் யாருக்குச் சொந்தம்? நாற்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். காணிக்கையைப் பற்றியும் தர்மத்தைப் பற்றியும் எனக்குத் தெரிந்ததில் பாதியை இந்தக் கேள்விதான் சொல்லிக்கொடுத்தது.

எனக்கு வயது 71. ஊர் பாளையங்கோட்டை. ஒரு தையல் மெஷினை வைத்துக்கொண்டு ஜன்னல் கர்ட்டன் தைக்க ஆரம்பித்தேன். பிறகு சோபா உறை, மெத்தை வேலை. அதன்பின் ஓர் ஆசாரி வந்து சேர்ந்தார், மரவேலையும் தொடங்கியது. இன்றைக்கு வீட்டு உள்வேலை முழுவதையும் எடுத்துச் செய்கிறோம். ஆறு பேர் வேலை செய்கிற சின்னக் கடைதான். பேத்தி இந்தப் படிப்பையே படித்துவிட்டு வந்து, சுவர் எழும்புவதற்கு முன்பே அடுப்படி எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் காட்டுகிறாள். எனக்கு அவள்மேல் பெருமை உண்டு.

போன மாதம் அவள் ஒரு நோட்டீஸ் அச்சடிக்க மாதிரி எடுத்துவந்தாள். மேலே ஓர் அழகான வரவேற்பறை. கீழே, சிரித்துக்கொண்டிருக்கிற நாலு பிள்ளைகளின் படம். அதற்கடியில், எங்கள் லாபத்தில் பத்தில் ஒரு பங்கு ஆதரவற்ற குழந்தைகளுக்குப் போகிறது என்று ஒரு வரி.

"இதை எடுத்துரும்மா" என்றேன்.

"ஏன் ஆச்சி? பொய்யா சொல்லியிருக்கேன்? செய்யுறதைத்தான சொல்லுதோம். இதைப் பாத்து நாலு பேரு கூட வந்தா அந்தப் பிள்ளைகளுக்குத்தான கூடப் போகும்?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஒரு வரியில் சொல்ல என்னிடம் பதில் இல்லை. இரண்டு மூன்று ராத்திரி யோசித்தேன். யோசித்ததையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது நாசரேத் பக்கம் ஒரு பனங்காட்டுக் கிராமம். எங்கள் அம்மா உலையில் அரிசி போடுவதற்கு முன்னால், களைந்து வைப்பதற்கும் முன்னால், ஒரு கைப்பிடி அள்ளி அடுப்படி மூலையில் இருக்கிற மண்கலயத்தில் போடுவாள். உதடு அசையும், என்ன ஜெபித்தாள் என்று கேட்டதில்லை. சனிக்கிழமை சங்கத்துப் பெண்கள் ஓலைப்பெட்டியோடு வீடு வீடாக வருவார்கள். கலயத்தில் இருப்பதைக் கொட்டி வாங்கிக்கொண்டு போவார்கள். அது கைப்பிடி அரிசிக் காணிக்கை. கோயில் செலவுக்கும் ஊழியத்துக்கும் ஏழைகளுக்கும் போகும். எங்கள் வீட்டில் அரிசி குறைந்த நாட்கள் உண்டு. அந்த நாட்களிலும் அம்மாவின் கை கலயத்துக்குப் போனது. கொஞ்சம் சின்னதாகக் குவிந்திருக்கும், அவ்வளவுதான்.

இது எங்கள் பக்கத்து வழக்கம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். மிசோரம் மலைகளில் கிறிஸ்தவப் பெண்கள் 1910 முதல் இதையே செய்துவருகிறார்கள். சமையலுக்கு அள்ளுகிற அரிசியில் ஒரு பிடி எடுத்து வைத்துச் சேர்த்ததில் அவர்கள் சபையின் ஊழியங்களே நடக்கின்றன. விருதுநகரில் 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலையை வீட்டுக்கு வீடு வாங்கிய பிடியரிசி தாங்கியது. காமராசர் படித்த பள்ளிக்கூடம் அது. எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் அந்தப் பெண்கள் சோறு பொங்குவதற்கு முன்பே எடுத்து வைத்தார்கள். சாப்பிட்டு மிஞ்சியதிலிருந்து கொடுக்கவில்லை. அதை அம்மாவிடம் கண்ணால் பார்த்துப் படித்தேன். ஆனால் அரிசிக்குப் பொருந்தியது தொழிலுக்கு அப்படியே பொருந்துமா என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு தப்புச் செய்தேன்.

தசமபாகம் என்றால் வருமானத்தில் பத்தில் ஒன்று. மல்கியாவின் புஸ்தகத்தை வைத்து எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். கடை தொடங்கின புதிதில் கையில் காசு வந்தவுடனேயே பத்தில் ஒன்றைக் கவரில் போட்டுவிடுவேன். முதற்பலன் அல்லவா, பிந்தக் கூடாது என்று ஒரு வைராக்கியம். ஒரு தடவை பெரிய வீட்டு வேலை ஒன்றுக்கு அட்வான்ஸாக ரூ.20,000 வந்தது. அந்தக் காலத்தில் எனக்கு அது மலைபோன்ற தொகை. ரூ.2,000 அன்றைக்கே காணிக்கைக்குப் போனது. மீதியில் பலகை வாங்கினேன். பத்து நாள் கழித்து அந்த வீட்டில் ஏதோ சங்கடம். வேலையை நிறுத்திவிட்டு அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார்கள். பலகைக்காரர் பாதி விலைக்குத்தான் திரும்ப எடுத்தார். இருந்ததையெல்லாம் துடைத்துக் கொடுத்தேன். ஆசாரிக்கு இரண்டு வாரக் கூலி நின்றுபோனது.

அந்தச் சமயத்தில் எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை வந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: சபையார் தங்கள் வயலில், தோட்டத்தில், தொழுவத்தில் விளைந்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள். வாழைத்தார், தேங்காய், சேவல், முட்டை, நெல். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்கு வரும். பத்து ரூபாய்ப் பொருளை நூறுக்குக் கேட்பார்கள், காணிக்கைதானே. அன்றைக்கு ஒரு பூசணிக்காய் ஏலம் போனது. கேட்டவர்கள் கேட்டுக்கொண்டே போக, நானும் விடாமல் கேட்டேன். ரூ.300-க்கு எனக்கு விழுந்தது. கூட்டம் கை தட்டியது. அந்தப் பணம் கையில் இருந்த கடைசிப் பணம். மனசு நிறைந்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலையில் ஆசாரி வந்தார். எங்கள் சபைக்காரர் இல்லை. ஏலம் பார்க்க ஊரே வரும், அவரும் மனைவியோடு வந்திருக்கிறார். கருவிப்பையை இறக்கி வைத்துவிட்டு, "நேத்து ஏலத்துல உங்களைப் பாத்தேன்க்கா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. இழைப்புளியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

கூலிக்காரனுடைய கூலி விடியுமட்டும் உன்னிடத்தில் இருக்கக் கூடாது என்கிற கட்டளை லேவியராகமத்தில் இருக்கிறது. அது இருக்கிற அதே அதிகாரத்தில்தான் வயல் ஓரத்தை முழுக்க அறுக்காமல் ஏழைக்கு விட வேண்டும் என்பதும் இருக்கிறது. நான் ஒன்றை மட்டும் படித்து மற்றதைத் தாண்டிப் போயிருக்கிறேன். கொடுத்தது என் பணம் என்று நினைத்தேன். அந்த ரூ.300 ஆசாரி வீட்டு அரிசி. அதற்கு முந்தின ரூ.2,000 வாடிக்கையாளரின் அட்வான்ஸ். இரண்டிலும் என்னுடையது என்று ஒரு காசு இல்லை. அடுத்தவர் கலயத்திலிருந்து பிடியரிசி அள்ளியிருக்கிறேன்.

அன்றைக்கு என் கம்மலை அடகு வைத்துக் கூலியைக் கொடுத்தேன். ஆசாரி எண்ணிப் பார்க்காமலே மடியில் முடிந்துகொண்டார். அதற்குப் பிறகு கணக்கு எழுதும் விதத்தையே மாற்றினேன். இன்றும் அப்படித்தான். ஓர் உதாரணம் சொல்கிறேன். ரூ.3,00,000-க்கு ஒரு மாடுலர் கிச்சன் வேலை வருகிறது என்று வையுங்கள். பிளைவுட், லேமினேட், கீல், சேனல், பசை எல்லாம் சேர்த்து ரூ.1,90,000. கூலி ரூ.55,000. வண்டி வாடகை, சில்லறைச் செலவு ரூ.10,000. மிஞ்சுவது ரூ.45,000. வாடிக்கையாளர் மேலே கட்டுகிற ஜி.எஸ்.டி. நம்மைத் தொட்டுக்கொண்டு அரசாங்கத்துக்குப் போகிற பணம். அதை வரவில் சேர்ப்பதே தப்பு. கடை வாடகை, மின்சாரம் கழித்து ரூ.40,000 என்று வந்தால் அதில் பத்தில் ஒன்று, ரூ.4,000. வேலை முடிந்து, ஆட்களுக்குக் கூலி கொடுத்து, வாடிக்கையாளர் கதவைத் திறந்து மூடிப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே அது காணிக்கைக் கணக்குக்குப் போகும். ஆனால் என் சம்பளத்துக்கு முன்னால் போகும். அம்மாவின் கலயம் இருந்த இடம் அதுதான் என்று எனக்குப் புரிய இத்தனை காலம் ஆனது: ஊரார் பங்கைக் கொடுத்த பிறகு, தன் வாய்க்கு முன்னால்.

எங்களுக்குக் கீல், கைப்பிடி, ஸ்குரூ எல்லாம் தருகிறவர் மேலப்பாளையத்துக்காரர், ஒரு பாய். வருஷா வருஷம் நோன்பு மாசத்தில் அவர் கடைக்குப் போனால் பையன்கள் பெட்டி பெட்டியாக எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஜகாத் கணக்கு. விற்பனைக்கு வைத்திருக்கிற சரக்கு அன்றைய விலைக்கு எவ்வளவு பெறும், கையில் ரொக்கம் எவ்வளவு, வர வேண்டிய பாக்கி எவ்வளவு என்று கூட்டி, கொடுக்க வேண்டிய கடனைக் கழித்து, இரண்டரை சதவீதம். நாற்பதில் ஒன்று. கடை அலமாரியும் மேஜையும் தராசும் கணக்கில் வராது. அவை விற்பதற்கு இல்லையே. தன் சொத்து 85 கிராம் தங்கத்தின் விலைக்கு எட்டாதவருக்கு அந்தக் கடமையே கிடையாது என்றும், யார் யாருக்குக் கொடுக்கலாம் என்று குர்ஆன் எட்டு வகையாரைச் சொல்லியிருக்கிறது என்றும் அவர்தான் எனக்கு விளக்கினார். கடனில் மூழ்கினவரும் வழிப்போக்கரும் அந்த எட்டில் உண்டு. "இது நான் குடுக்குற தர்மம் இல்லக்கா, எங்கிட்ட இருக்குற அவங்க பங்கு" என்பார். அந்தச் சொல் என்னை வெகுவாகத் தொட்டது. உபாகமத்தில் மூன்றாம் வருஷத் தசமபாகம் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் என்று இருக்கிறது. எங்கள் வேதமும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்லியிருக்கிறது. பாய் சொன்ன பிறகே எனக்கு அது காதில் விழுந்தது.

பிளைவுட் மொத்த வியாபாரி ஒருவருக்குப் பூர்வீகம் விருதுநகர். அவர்கள் குடும்பத்துப் பழைய கணக்கு நோட்டுகளில் மகமை என்று தனியாக ஒரு பற்று இருக்கும். வியாபாரத்தின் அளவுக்கு ஏற்ப இத்தனை என்று ஒவ்வொருவரும் பொதுவில் கட்டி, அதில் பள்ளிக்கூடமும் கோயிலும் நடத்தியிருக்கிறார்கள். வருமானம் வந்தபின் மனசு இளகினால் கொடுப்போம் என்று அவர்கள் விட்டுவைக்கவில்லை. கூலி, வாடகை மாதிரி அதையும் நோட்டில் ஒரு வரியாக எழுதிவிட்டார்கள். மனசு ஒருநாள் இளகும், ஒருநாள் இறுகும். நோட்டில் எழுதிய வரி அப்படியே இருக்கும்.

இனிச் சொல்லப்போவது சொல்லக் கூசுகிற விஷயம். இந்தத் தொழிலில் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

வீட்டுக்காரரை நாம் ஒரு கடைக்கு அழைத்துப்போய் டைல்ஸோ லேமினேட்டோ குழாயோ வாங்க வைத்தால், மாதக் கடைசியில் அந்தக் கடையிலிருந்து நமக்கு ஒரு கவர் வரும். கமிஷன். ஊரெங்கும் உண்டு. எனக்கும் வந்தது. முதலில் திருப்பி அனுப்பினேன். பிறகு ஒரு யோசனை தோன்றியது: இதை நாம் தொட வேண்டாம், முழுசாகக் காணிக்கைக் கணக்கில் போட்டுவிடுவோம், ஒரு விடுதிப் பிள்ளைகளுக்குப் பால் செலவுக்கு ஆகுமே. அப்படியே மூன்று வருஷம் செய்தேன். அந்தப் பிள்ளைகள் பால் குடித்தார்கள். நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர், பணி ஓய்வு பெற்ற ஆசிரியை, பில்லைக் காட்டி, "நீங்க கூட வந்ததால விலை குறைச்சுப் போட்டிருப்பாங்க இல்லம்மா?" என்று கேட்டார். முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடியவில்லை. அவர் பென்ஷன் பணத்தில் கட்டிய பில்லில் என் கவரும் அடங்கியிருக்கிறது. அவரைக் கேட்காமல், அவருக்குத் தெரியாமல், அவர் பணத்தில் நான் தர்மம் பண்ணியிருக்கிறேன். சகேயு கதையை ஞாயிறு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு எத்தனை முறை நடத்தியிருப்பேன்! தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன் என்று சொன்ன அதே மூச்சில், அநியாயமாய் வாங்கியதை வாங்கினவரிடமே நாலு மடங்காய்த் திருப்புவேன் என்றும் அந்த மனுஷன் சொன்னான். முதல் பாதியோடு நிறுத்திக்கொள்ள அவனுக்கும் தோன்றியிருக்கலாம். அப்படி நிறுத்தியிருந்தால் பறிகொடுத்தவனுக்கு என்ன கிடைத்திருக்கும்?

ஆசிரியைக்கு அவர் பங்கைத் திருப்பினேன். நோட்டைப் புரட்டி நினைவுக்கு வந்த மற்றவர்களுக்கும் கொடுத்தேன். இரண்டு பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை, அந்தக் குறை இன்னும் இருக்கிறது. இப்போதெல்லாம் கடைக்காரர்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுகிறோம்: எங்களுக்குத் தருவதை வாடிக்கையாளர் பில்லில் தள்ளிவிடுங்கள். சில கடைகள் எங்களோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டன. பால் செலவுக்கு நின்றுபோன பணத்தை ஈடுகட்ட ஒரு வருஷம் சிரமப்பட்டோம். பத்தாவது பங்கைப் பற்றி மட்டுமே கவலைப்படுகிறவர்கள் மற்ற ஒன்பது பங்கு எப்படி வந்தது என்று பார்க்க மறந்துவிடுகிறோம். எனக்கு அது நடந்ததால் சொல்கிறேன்.

பணத்தைவிட வேலையாகக் கொடுத்ததில்தான் எனக்கு அதிக சந்தோஷம் உண்டு. ஒரு பிள்ளைகள் விடுதிக்குத் துணி அலமாரி செய்து தருவதாகச் சொல்லி அளவெடுக்கப் போனோம். பெரியதாக ஒன்று, எல்லாருக்கும் பொதுவாக. அதுதான் அவர்கள் கேட்டது. அளவெடுத்துக்கொண்டிருக்கும்போது ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று ஒரு பிளாஸ்டிக் பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றது. சாப்பிடப் போனாலும் பை கையில். உள்ளே ஒரு ரிப்பன், ஒரு பழைய போட்டோ, உடைந்த வளையல். வைக்க இடம் இல்லை, வைத்தால் காணாமல் போய்விடும். அங்கே துணிகூட அன்றன்றைக்குக் குவியலிலிருந்து கைக்குக் கிடைத்ததை உடுத்துவதுதான் வழக்கம்.

திரும்பி வந்து படத்தை மாற்றினோம். பொது அலமாரியை விட்டுவிட்டு, ஒன்றேகால் அடி அகலத்தில் ஒரு பிள்ளைக்கு ஓர் அறை, ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவு, தனிப் பூட்டு, சாவி அந்தப் பிள்ளையின் கழுத்துக் கயிற்றில். கீழ்த்தட்டு சின்னப் பிள்ளைகளுக்கு, மேல்தட்டு பெரியவர்களுக்கு. கீல், பூட்டுச் செலவு இரண்டு மடங்காகிவிட்டது. வீட்டு உள்வேலை என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. தன்னுடையது என்று சொல்ல ஒரு மனுஷனுக்கு ஓர் இடம் வேண்டும். பணக்கார வீட்டுப் பெண்மணி தன் புடவை அலமாரிக்கு அரை இஞ்ச் கூட்டிக் கேட்கும்போது நாம் காட்டுகிற பொறுமையை அந்தப் பிள்ளையின் பிளாஸ்டிக் பைக்கும் காட்ட வேண்டும்.

முதியோர் இல்லங்களில் வேறு பாடம். கட்டில் மெத்தையோடு சேர்த்து 18 இஞ்ச் உயரம் இருந்தால், உட்கார்ந்தவுடன் பாதம் தரையில் ஊன்றும். அதைவிட உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் எழுந்திருப்பதற்குள் தடுமாற்றம். குளியலறையில் துண்டு போடுகிற கம்பியைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர்கள் அநேகர். பிடிமானக் கம்பி என்றால் சுவருக்குள் போல்ட் இறக்கி ஆள் பாரத்தைத் தாங்க வேண்டும். பார்வையற்ற பெண்கள் தங்கும் ஒரு விடுதியில் நாங்கள் அழகாகச் செய்துவைத்த அலமாரிக் கதவு பாதி திறந்து நின்று ஒரு பெண்ணின் நெற்றியைக் கிழித்துவிட்டது. அவரே பிறகு சொல்லித்தந்தார்: முழுக்கத் திறந்த கதவும் மூடிய கதவும் பிரச்சினை இல்லை, பாதியில் நிற்பதுதான் எதிரி என்று. எல்லாவற்றையும் கழற்றித் தள்ளுகதவாக மாற்றினோம். கொடுப்பதற்கு முன்னால் அங்கே போய் உட்கார்ந்து கேட்டிருந்தால் அந்த ரத்தம் சிந்தியிருக்காது.

2023 டிசம்பர் 17, 18. தாமிரபரணி ஊருக்குள் வந்த நாட்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிக்கொண்ட பயணிகளுக்கு ஊரார் சோறு பொங்கிப் போட்டார்கள். தண்ணீர் வடிந்ததும் எங்கள் கடைக்குப் போன் மேல் போன். பார்ட்டிகிள் போர்டில் செய்த அடுப்படிகள் நனைந்த பிஸ்கட் மாதிரி ஊதிக் கிடந்தன. பீரோவில் வைத்த கலியாணப் புடவை, வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் சேறு. ஒரு வருஷத்தில் வருகிற வேலை ஒரு மாதத்தில் வந்தது. கணக்குப் புத்தகத்தைத் திறந்தபோது என் கை நின்றுவிட்டது. இந்த லாபத்தில் பத்தில் ஒன்றை எடுத்து வெள்ள நிவாரணத்துக்குக் கொடுப்பதா? அவர்கள் இழந்ததில் சம்பாதித்து அதிலிருந்து அவர்களுக்கே கொடுப்பதா?

இரவு எல்லாரையும் உட்காரவைத்துக் கேட்டேன். ஆசாரிதான் முதலில் பேசினார். அதே ஆசாரி, அவருக்கும் தலை நரைத்துவிட்டது. "பலகைக் காசும் கூலியும் வாங்கிக்கிடுவோம்க்கா. உங்க பங்கை விட்டுருங்க. கூலியில நாங்களும் கொஞ்சம் குறைச்சுக்கிடுதோம்." நான் கூலியைக் குறைக்கச் சம்மதிக்கவில்லை. எங்கள் பங்கை விட்டோம், வெள்ளம் புகுந்த வீடுகளுக்கு மட்டும். தரையோடு ஒட்டிய இடங்களில் பலகையே வைக்காமல் கடப்பா கல்லும் சிமெண்டும் போட்டு, அதற்குமேல் மரவேலை செய்தோம். கல் போட்டதால் எங்களுக்கு வேலையும் வருமானமும் குறைந்தது. அடுத்த வெள்ளத்துக்கு அந்த வீடுகள் தாங்கும். அந்த வருஷம் காணிக்கைக் கவர் மெலிந்துதான் இருந்தது. எங்கள் சபை ஐயரிடம் போய்க் காரணம் சொன்னேன். கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணினார்.

நோட்டீஸ் விஷயத்துக்கு வருகிறேன்.

படத்தில் இருந்த நாலு பிள்ளைகள் நாங்கள் உதவுகிற விடுதிப் பிள்ளைகள்தான். 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தில், பராமரிப்பில் இருக்கிற பிள்ளையின் அடையாளம் தெரியும்படி படத்தையோ பேரையோ வெளியிடக் கூடாது என்று இருக்கிறது. அப்படிப்பட்ட விடுதிகள் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம். பதிவைப் பார்க்காமல், வங்கி வழியே ரசீதோடு கொடுக்காமல் எந்த இல்லத்துக்கும் நாங்கள் கொடுப்பதில்லை. இதையெல்லாம் பேத்தியிடம் சொன்னேன். சட்டம் இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேன். அந்தப் பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் நம் வாடிக்கையாளர் வீட்டுப் பிள்ளையின் பக்கத்தில் உட்காரும். "உன் படத்தை நோட்டீஸ்ல பாத்தேன்" என்று அது கேட்டால் இதன் முகம் எங்கே போகும்? நாம் பூட்டும் சாவியும் செய்துகொடுத்தது எதற்காக?

படத்தை எடுத்துவிட்டாள். "சரி ஆச்சி, அந்த வரியாவது இருக்கட்டுமே" என்றாள்.

நாங்கள் இருக்கிற ஊரைப் பார் என்றேன். பாப்பாத்தியம்மாள் கோயிலைக் கடந்துதான் தினமும் போகிறோம். கிளாரிந்தா என்கிற விதவை 1785-ல் கட்டியது. உடன்கட்டை ஏற இருந்தவள் தப்பி வந்து, ஊர் ஒதுக்கி வைத்த நிலையில் எழுப்பினாள். பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் 1890-களிலேயே பள்ளிக்கூடம் நடந்த ஊர் இது. 1903-ல் இங்கே இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பித்தபோது, பணமும் ஆளும் நிர்வாகமும் இந்தியருடையதாகவே இருக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியாவும் அதற்கு உழைத்தார். பனையேறிகளும் சம்சாரிகளும் சேர்த்த காசில் தெலுங்கு நாட்டு டோர்னக்கலுக்கு ஊழியர் போனார். இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் டோனாவூர். ஏமி கார்மைக்கேல் அம்மாள் 1901 முதல் அங்கே பிள்ளைகளை எடுத்து வளர்த்தார். நூற்றுக்கணக்கில் பிள்ளைகள், ஆனாலும் யாரிடமும் பணம் கேட்பதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். 1951-ல் அவர் காலமானபோது தன் கல்லறைக்குப் பேர் பொறித்த கல் வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து அதில் 'அம்மை' என்று மட்டும் எழுதினார்கள்.

எல்லாரும் கேட்காமலே நடத்திவிட முடியாது. கேட்கிற இல்லங்கள் கேட்கத்தான் வேண்டும், பிள்ளைகளுக்குப் பசிக்கும். ஆனால் நாம் கொடுக்கிற இடத்தில் இருக்கிறோம். அந்த வரியை அச்சடித்தால் வருகிற வாடிக்கையாளர் நம் கீலையும் கதவையும் பார்த்து வர மாட்டார். பிள்ளைகளைப் பார்த்து வருவார். கதவு சரியாக மூடாவிட்டாலும், நல்ல காரியத்துக்குத்தானே என்று பொறுத்துக்கொள்வார். அந்தப் பொறுமையை நாம் சம்பாதிக்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் வறுமை அதைச் சம்பாதித்துக் கொடுக்கும். கமிஷன் கவர் எனக்கு ஞாபகம் வந்தது என்று பேத்தியிடம் சொன்னேன். அவளுக்கு அந்தக் கதை அதுவரை தெரியாது. வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.

இப்போது மிஞ்சிய பலகை. வயல் ஓரத்தை அறுக்காமல் விட வேண்டும் என்கிற கட்டளையை நம்பித்தான் ரூத் போவாஸின் வயலுக்குக் கதிர் பொறுக்கப் போனாள். நானும் வெகுகாலம் துண்டுப் பலகைகளை அப்படித்தான் நினைத்தேன். சேர்த்து வைத்து, பள்ளிக்கூடத்துக்கு எழுதுமேஜை, பாலர் வகுப்புக்குப் புத்தகத்தட்டு என்று செய்துகொடுப்பேன். ஆனால் போவாஸுக்கு வயல் சொந்தம். ஷீட்டுக்குப் பணம் கொடுத்தவர் வீட்டுக்காரர். அவர் வயலின் ஓரத்தை விட்டுக்கொடுக்க எனக்கு என்ன உரிமை? அதனால் இப்போது வேலை முடிகிற அன்று துண்டுகளை அளந்து, ஒரு தாளில் எழுதி, வீட்டுக்காரரைக் கேட்கிறோம். முக்கால்வாசிப் பேர் சந்தோஷமாகக் கொடுத்துவிடுகிறார்கள். சிலர் பள்ளிக்கூடம் வரைக்கும் கூடவே வந்து மேஜையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

நேற்று தியாகராஜ நகரில் ஒரு வீட்டு வேலை முடிந்தது. மூன்று துண்டு மிச்சம். நான் சொல்வதற்கு முன்பே பேத்தி போனை எடுத்துவிட்டாள்.

"ஆன்ட்டி, மூணு பலகை மிஞ்சியிருக்கு. உங்களோடதுதான். வேணும்னா ஆட்டோல ஏத்தி விட்டுருதேன். வேண்டாம்னா ஒரு பள்ளிக்கூடத்துக்கு மேஜை செய்யலாம்னு இருக்கோம்."

அந்தப் பக்கம் கொஞ்சநேரம் யோசனை. போன் சத்தமாகத்தான் இருந்தது, எனக்கே கேட்டது.

"ரெண்டு இருக்கட்டும்மா, பூஜை ரூமுக்கு ஒரு தட்டு அடிக்கணும். ஒண்ணை நீங்க எடுத்துக்கிடுங்க."

பேத்தி நல்லதாகப் பார்த்து இரண்டை எடுத்துத் தூசி தட்டி ஓரமாகச் சாத்தினாள். மூன்றாவதை அளந்தாள். இரண்டடிக்கு ஒன்றேகால். மேஜைக்குப் போதாது, ஒரு பிள்ளையின் அலமாரிக் கதவுக்குச் சரியாக இருக்கும் என்றார் ஆசாரி.